மூவாயிரமாவது வரி

நிலக்கரிச் சுரங்க ஊரான ராவன்சைட்டின் புறாப் பந்தயச் சங்கத்தில் பெண்கள் தேநீர் போடலாம், ரொட்டி வெட்டலாம், தட்டுக் கழுவலாம். பந்தயக் கணக்கைப் போடக் கூடாது என்று விதி ஏதும் கிடையாது. அப்படி ஒருத்தி வந்து கேட்பாள் என்று யாருக்கும் தோன்றாததால் விதி எழுதவில்லை, அவ்வளவுதான். 1983ஆம் வருஷம் ஜூன் மாதம் பெரில் ஸ்டாபர்ட் போய்க் கேட்டாள்.

பெரிலுக்கு அப்போது நாற்பத்தேழு வயது. மாவட்ட ஆஸ்பத்திரியில் பதினேழு வருஷம் டெலிபோன் போர்டின் முன்னால் உட்கார்ந்து, டாக்டர்களையும் வார்டுகளையும் வெளியூர்க்காரர்களையும் கயிறு மாற்றிச் செருகி இணைத்துவிட்டுக்கொண்டிருந்தவள். முந்தைய வருஷம் தானாக இயங்கும் போர்டு வந்ததும் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கணவன் நார்மன் சுரங்கத்தில் ஆட்களைக் கீழே இறக்கும் கூண்டின் இயந்திரத்தை ஓட்டுகிறவன். பேச்சுக் குறைவு. வீட்டுக்குப் பின்னால் நாற்பது புறா வைத்திருந்தான். அவற்றோடு மட்டும் நிறையப் பேசுவான்.

ஈஸ்டர் சமயத்தில் சுரங்கத் தொழிலாளர் மன்றத்தில் குலுக்கல் நடந்தது. முதல் பரிசு கம்ப்யூட்டர், இரண்டாம் பரிசு ஒரு முழுப் பன்றித் தொடை. பெரில் சீட்டு வாங்கியது தொடைக்காக. விழுந்தது முதல் பரிசு.

"இத அடுப்புல வெக்க முடியாதா?" என்று கேட்டான் நார்மன்.

டெலிவிஷனோடு இணைக்கிற சாம்பல் நிறப் பெட்டி அது. கூட ஒரு கேசட் ரெக்கார்டரும் கம்பிச் சுருள் வைத்துத் தைத்த ஒரு புத்தகமும் இருந்தன. பெரில் முதலில் டெலிவிஷன் மேல் தூசு படியாமல் இருக்க அதன் அட்டைப் பெட்டியைத்தான் பயன்படுத்தினாள். பிறகு மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில் புத்தகத்தைத் திறந்தாள். பேசிக் என்று ஒரு கம்ப்யூட்டர் மொழி. ஒவ்வொரு வரிக்கும் ஒரு எண். பத்து, இருபது, முப்பது என்று எண் போட்டுக் கட்டளையை எழுதினால், அந்த வரிசையிலேயே பெட்டி வேலை செய்யும். வேறு வரிக்குத் தாவ வேண்டுமென்றால் கோட்டு, அதாவது 'அங்கே போ', என்று எழுதி அந்த எண்ணைச் சொன்னால் போதும். வருஷக்கணக்காக எண்களோடு புழங்கியவளுக்கு இது உடனே பிடித்துப்போயிற்று. முதல் நாள் கம்ப்யூட்டரைத் தன் பெயரைச் சொல்ல வைத்தாள். இரண்டாம் வாரம், புறாக்களின் வேகத்தைச் சொல்ல வைக்க முடியுமா என்று யோசித்தாள்.

காரணம் இருந்தது. பந்தயத்தில் எந்தப் புறா முதலில் வீடு வந்தது என்பது கணக்கில்லை. பிரான்சில் ஒரே நேரத்தில் திறந்துவிடும் புறாக்கள் ஆளாளுக்கு வெவ்வேறு தூரத்திலிருக்கும் கூட்டுக்குப் பறந்து வருகின்றன. ஆகவே கூடு வரைக்குமான தூரத்தைப் பறந்த நேரத்தால் வகுத்து, நிமிஷத்துக்கு எத்தனை கெஜம் என்று பார்க்க வேண்டும். அதோடு தீர்ந்ததா என்றால் இல்லை. புறா வந்ததும் அதன் கால் வளையத்தைக் கழற்றி ஒவ்வொருவரும் தன் பந்தயக் கடிகாரத்தில் போட்டு நேரம் பதிகிறார்கள். அந்தக் கடிகாரம் ஒன்று வேகமாக ஓடியிருக்கும், இல்லை மெதுவாக ஓடியிருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சங்கத்தின் தலைமைக் கடிகாரத்தோடு எல்லாவற்றையும் ஒன்றாக முடுக்கி, சனிக்கிழமை மறுபடி ஒப்பிட்டு, எவ்வளவு பிசகியது என்று பார்த்து, அந்தப் பிசகையும் ஒவ்வொரு புறாவுக்கும் பங்கிட்டுத் திருத்த வேண்டும். இதையெல்லாம் இருபத்தொன்பது வருஷமாகப் பென்சிலால் போட்டுவந்தவர் செயலாளர் கத்பர்ட் ஹெஸ்லப். தப்பே வராது. ஆனால் நாலு மணி நேரம் ஆகும். அந்த நாலு மணி நேரமும் நார்மன் சங்கத்தை விட்டு நகர மாட்டான்.

பெரில் எழுதிய முதல் நிரல் பூதம் மாதிரி நீண்டுபோயிற்று. மணி, நிமிஷம், வினாடி என்று இருக்கும் நேரத்தை வெறும் வினாடியாக மாற்ற மூன்று வரி வேண்டும். அது நாலு இடத்தில் தேவைப்பட்டது. நாலு இடத்திலும் அதையே எழுதினாள். ஒன்றில் தப்பைத் திருத்தினால் மற்ற மூன்றிலும் திருத்த மறந்துபோகும். மே மாதம் புத்தகத்தின் பதினோராவது அத்தியாயத்துக்கு வந்தவள், எழுந்து போய்ப் புறாக்கூட்டில் நின்ற நார்மனைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"இங்க பாரு. அந்த மூணு வரிய இப்ப ஒரே எடத்துல எழுதிட்டேன். ரெண்டாயிரமாவது வரியில. எனக்கு எப்ப வேணுமோ அப்ப 'கோசப் 2000'னு சொன்னாப் போதும். அங்க போகும், வேலைய முடிக்கும், 'ரிட்டர்ன்'ங்கற வார்த்தையப் பாத்ததும் கெளம்பின எடத்துக்கே வந்து அதுக்கு அடுத்த வரியப் பாக்கும். நாலு எடத்துல இருந்து கூப்பிட்டாலும் அந்தந்த எடத்துக்கு ஒழுங்காத் திரும்பும்."

"எங்கருந்து கெளம்பினோம்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"போறப்பவே குறிச்சு வெச்சுக்கும்."

நார்மன் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "நம்ம புறாவுக்குத் தேவலாம், கண்ணு. போன வாரம் மூணு வரவே இல்ல."

அன்றே மூவாயிரமாவது வரியில் இன்னொரு துணை நிரல் எழுதினாள். கடிகாரப் பிசகைத் திருத்துவது அதன் வேலை. மெதுவாக ஓடிய கடிகாரமென்றால் நேரத்தைக் கூட்டும், வேகமாக ஓடியதென்றால் கழிக்கும். ஐந்தாறு புறாக்களை வைத்துப் பார்த்தாள். ஹெஸ்லப் போட்ட பழைய கணக்கோடு புள்ளிக்குப் பின்னால் இரண்டாவது இலக்கம் வரை ஒத்துப்போயிற்று. அதன் பிறகுதான் சங்கத்துக்குப் போய்க் கேட்டாள்.

ஹெஸ்லப்புக்கு அறுபத்தெட்டு வயது. சுரங்க வாசலில் நிலக்கரி வண்டிகளை எடை போட்டு எழுதியவர். எதற்கும் சட்டென்று சரி என்று சொல்ல மாட்டார். "வர்ற சனிக்கெழம கொண்டு வாங்க, மிஸஸ் ஸ்டாபர்ட். நான் ஒரு பக்கம் போடறேன். நீங்க ஒரு பக்கம் போடுங்க," என்றார். பக்கத்தில் நின்ற ஆல்வின் பாலிஸ்டர் சிரித்தான். ஆல்வின் கடைத்தெருவில் கறிக்கடை வைத்திருப்பவன், சங்கத்தின் தலைவன், நல்ல புறாக்காரன், அதை எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருப்பவன்.

அந்தச் சனிக்கிழமை நார்மன் பழைய குழந்தை வண்டியில் டெலிவிஷனையும் கம்ப்யூட்டரையும் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான். கேசட் ஓடியபோது வந்த கிறீச்சிடலைக் கேட்டு, "யாரோ பூனை வாலை மிதிச்சுட்டாங்க" என்றான் ஆல்வின். அன்று ஐம்பத்தெட்டு புறா. பெரில் ஒவ்வொன்றாக அடித்தாள். இருபது, முப்பது, நாற்பது. ஹெஸ்லப் இன்னும் பதினோராவதில்தான் இருந்தார். ஆட்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரையைச் சுற்றிக் கூடினார்கள். நாற்பத்தோராவது புறாவை அடித்ததும் பெட்டி நின்றுவிட்டது. 'அவுட் ஆஃப் மெமரி'. நினைவில் இடமில்லையாம்.

மறுபடி முதலிலிருந்து அடித்தாள். மறுபடி நாற்பத்தொன்றில் நின்றது.

"மூள நெறஞ்சு போச்சாம், பாவம்," என்றான் ஆல்வின். "எங்க வீட்டம்மாவுக்கும் ஷாப்பிங் லிஸ்ட்டு பத்து சாமான் தாண்டினா இப்படித்தான் ஆகும். பெரில், டீ எடுத்து வர்றியா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஹெஸ்லப் சிரிக்கவில்லை. ஆனால் தலை நிமிராமல், "இந்த வருஷம் வேணாம்" என்று மட்டும் சொன்னார். பெரில் தேநீர் போடவில்லை. கம்பிகளைச் சுருட்டி வண்டியில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வழியில் நார்மன் வண்டியை மட்டும் தள்ளிக்கொண்டு வந்தான். அவன் ஏதாவது சொல்லித் தொலைத்தால் சண்டையாவது போடலாமே என்று அவளுக்கு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகவில்லை. பெட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். இன்னும் எவ்வளவு இடம் காலி என்று பெட்டியிடமே கேட்க ஒரு கட்டளை உண்டு. கேட்டாள். கிட்டத்தட்ட முப்பதாயிரம் எழுத்துக்கு இடம் காலி என்றது. முப்பதாயிரத்தைச் சும்மா வைத்துக்கொண்டு இடமில்லை என்கிறதே, இது பொய் சொல்கிறதா, இல்லை நமக்குத்தான் கேட்கத் தெரியவில்லையா என்று எரிச்சல் வந்தது.

அதே ஐம்பத்தெட்டு புறாக்களையும் வேறு வரிசையில் அடித்தாள். இந்த முறை முப்பத்துமூன்றில் நின்றது. இன்னொரு முறை வரிசை மாற்றினாள். நாற்பத்தாறில் நின்றது. அப்படியானால் எத்தனை புறா என்பது விஷயமில்லை. எந்தெந்தப் புறா என்பதில்தான் ஏதோ இருக்கிறது. மூன்று பட்டியலையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு பென்சிலோடு உட்கார்ந்தாள். தூரமான கூடுகளுக்குக் கோடு போட்டு எண்ணினாள். ஒன்றும் பொருந்தவில்லை. தாமதமாக வந்த புறாக்களை எண்ணினாள். பொருந்தவில்லை. வேகமாக ஓடிய கடிகாரங்களுக்குக் கோடு போட்டாள். முதல் பட்டியலில் இருபத்துநாலு. இரண்டாவதில் இருபத்துநாலு. மூன்றாவதை எண்ணினாள். அதிலும் இருபத்துநாலு.

வேகக் கடிகாரம் இருபத்துநாலாவது முறை வந்ததும் பெட்டி நிற்கிறது.

மூவாயிரமாவது வரியைத் திரையில் கொண்டுவந்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். மெதுவான கடிகாரமென்றால் நேரத்தைக் கூட்டு, ரிட்டர்ன். சரி. வேகமான கடிகாரமென்றால் நேரத்தைக் கழி, கோட்டு 400. நானூறாவது வரி வேகத்தைக் கணக்கிடும் வரி. எப்படியும் அங்கேதான் போகப் போகிறோம் என்று குறுக்கு வழியில் நேராகத் தாவ எழுதிவைத்திருந்தாள். விடை சரியாகவே வந்தது. அதனால் அதில் தப்பு இருக்கும் என்று தோன்றவே இல்லை.

டெலிபோன் போர்டில் முதல் வருஷம் அவள் பட்ட பாடு அப்போது நினைவுக்கு வந்தது. போர்டில் இருபது ஜோடிக் கயிறு இருக்கும். ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு ஜோடி போகும். பேசி முடித்ததும் விளக்கு எரியும். கயிற்றை உருவ வேண்டும். புதிதாக வந்த பெரில் விளக்கைப் பார்க்காமல் அடுத்த அழைப்புக்கு அடுத்த கயிற்றை எடுப்பாள். பேசுகிறவர்கள் மூன்று பேர்தான் இருப்பார்கள், ஆனால் போர்டில் ஒரு கயிறுகூட மிச்சமிருக்காது. மேற்பார்வையாளர் ஓடிவந்து கத்துவாள்.

கோசப் என்று ஒவ்வொரு முறை சொல்லும்போதும் பெட்டி திரும்பி வரவேண்டிய இடத்தைக் குறித்து வைக்கிறது. ரிட்டர்ன் வந்தால்தான் அந்தக் குறிப்பை அழிக்கும். கோட்டு சொல்லித் தாவினால் குறிப்பு அப்படியே கிடக்கும். அந்தக் குறிப்புகளுக்கென்று பெட்டியில் தனியாக ஒரு சின்ன இடம். அதில்தான் இருபத்துநாலு கயிறு உருவாமல் தொங்கிக்கொண்டிருந்தது. முப்பதாயிரம் காலியிடத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கோட்டு 400 என்பதை அழித்துவிட்டு அங்கே ரிட்டர்ன் என்று அடித்தாள். ஒரே ஒரு வார்த்தை. ஐம்பத்தெட்டு புறாக்களையும் அடித்தாள். நிற்கவில்லை. அதற்குப் பிறகு இல்லாத புறாக்களை எல்லாம் உண்டாக்கி, எல்லாக் கடிகாரத்தையும் வேண்டுமென்றே வேகமாக ஓட விட்டு, முந்நூறு வரை கொண்டுபோனாள். பெட்டி சலிக்காமல் சொல்லிக்கொண்டே போயிற்று. பெரில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, வீட்டில் யாருமில்லாதபோதும் வாய்விட்டுச் சிரித்தாள். பதினேழு வருஷ வேலையில் எதுவும் தன்னை இத்தனை அழகாக ஏமாற்றியதுமில்லை, தானும் இத்தனை சரியாகக் கண்டுபிடித்ததுமில்லை என்று தோன்றியது.

நார்மன் உள்ளே வந்து, "என்ன கண்ணு?" என்றான்.

"திரும்பி வரச் சொல்லல நான். அதான்."

"யார?"

"உக்காரு, சொல்றேன்," என்றாள். ஆறிப்போன சாப்பாட்டைத் தின்றுகொண்டே அவன் முழுவதையும் கேட்டான். முடிவில், "ஹெஸ்லப்கிட்ட போய்ச் சொல்லு" என்றான். அவள் மறுத்துவிட்டாள். இந்த வருஷம் வேண்டாம் என்று சொன்னவரிடம் கெஞ்சிக்கொண்டு நிற்க அவளுக்கு மனமில்லை.

ஜூலை நடுவில் போவே பந்தயம் வந்தது. பிரான்சில் இருக்கும் போவே ஊரிலிருந்து நானூறு மைல். பதினாலு சங்கங்கள் சேர்ந்த கூட்டமைப்புக்கு அதுதான் அந்த வருஷத்தின் பெரிய பந்தயம். எல்லாச் சங்கங்களும் சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குள் முடிவைப் போனில் சொல்லியாக வேண்டும். தாமதித்த சங்கத்தின் புறாக்கள் கூட்டமைப்புப் பட்டியலில் சேராது. வழக்கமாக ஹெஸ்லப் முன்னால் வந்த இருபது முப்பதை மட்டும் போட்டு நேரத்துக்குள் சொல்லிவிடுவார். அதற்கு முந்தைய புதன்கிழமை, ஹெஸ்லப் தன் புறாக்கூட்டின் ஏணியிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை பெரிலின் வீட்டு வாசலில் கட்டுப் போட்ட கையோடு நின்றார். உள்ளே வரச் சொன்னாள். வரவில்லை.

"உங்க பெட்டி எத்தன புறா தாங்கும்?" என்று கேட்டார்.

"முந்நூறு தாங்கிச்சு. அதுக்கு மேல நான் பாக்கல."

"நாப்பத்தொண்ணுல நின்னுதே, அது ஏன்னு தெரிஞ்சுதா?"

சொன்னாள். ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். டெலிபோன் கயிறு விஷயம் வந்தபோது அவர் முகம் கொஞ்சம் இளகியது. "சுரங்கத்துல எறங்கறவனுக்கு நம்பர் போட்ட ஒரு பித்தள வில்ல குடுப்போம். ஏறி வர்றப்ப திருப்பிக் குடுக்கணும். ஒருத்தன் குடுக்காம வீட்டுக்குப் போயிட்டான். அவனத் தேடி எட்டு மணி நேரம் கீழ சுத்தினோம்," என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "சனிக்கெழம அஞ்சு மணிக்கு வந்துடுங்க. பத்துல ஒண்ண நான் எடது கையால போட்டுப் பாப்பேன். தப்பா நெனைக்காதீங்க" என்றார்.

"பாக்காட்டித்தான் தப்பா நெனைப்பேன்," என்றாள் பெரில்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் புறாக்களைத் திறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. நல்ல தெற்குக் காற்று. இரண்டு மணிக்கே ஊரெல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டே காலுக்குப் பிறகு ஒவ்வொரு கொல்லையிலிருந்தும் தீனி டப்பாவைக் குலுக்கும் சத்தமும், வா வா என்று கெஞ்சும் குரலும் கேட்டன. நார்மனின் சாம்பல் நீலப் பெட்டை இரண்டு இருபத்தைந்தரைக்குக் கூரை மேல் வந்து இறங்கியது. ஒரு வினாடி கூட வீணாக்காமல் உள்ளே போயிற்று. அப்போது ஆல்வினின் சேவல் ஏற்கெனவே வந்து ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகிவிட்டதாம். இரண்டு இருபத்துநாலு பத்துக்குப் பதிந்துவிட்டேன் என்று அவன் தெருவில் வருகிறவனிடமெல்லாம் சொன்னான். ஐந்து மணிக்குச் சங்கத்துக்கு வந்தபோது பாதிப் பேருக்குப் பீர் வாங்கிக் கொடுத்தாயிற்று.

ஐந்து மணிக்கு எல்லாக் கடிகாரங்களையும் தலைமைக் கடிகாரத்தோடு ஒப்பிட்டுச் சீட்டு எடுத்தார்கள். மொத்தம் நூற்றுப்பதினேழு புறா. பெரில் திரையைப் பார்த்து அடிக்க வேண்டும், சீட்டுகளைப் படித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ரொட்டிக்குள் பட்டாணிக் களியையும் கறியையும் வைத்துக்கொண்டிருந்த தெல்மா, ஆல்வினின் மனைவி, கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"நான் படிக்கிறேன். கடையில நாள் பூரா ஆர்டர் படிக்கிறவதானே," என்றாள்.

தெல்மாவின் குரல் கணீரென்று இருந்தது. பெயர், மைல், கெஜம், பதிந்த நேரம், கடிகாரப் பிசகு. பெரிலின் விரல்கள் பின்தொடர்ந்தன. இந்தப் பக்கம் ஹெஸ்லப் இடது கையால், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு, பத்தில் ஒன்றைப் போட்டார். முதலாவது ஒத்துப்போயிற்று. இரண்டாவதும் ஒத்துப்போயிற்று. பெரில் வேறொரு கணக்கையும் மனதுக்குள் வைத்திருந்தாள். வேகக் கடிகாரம், இருபத்தொன்று. இருபத்திரண்டு. இருபத்துமூன்று. அடுத்து வந்த நாலு கடிகாரங்கள் மெதுவானவை. தெல்மா அடுத்ததைப் படித்தாள்: "ஒன்பது வினாடி, வேகம்."

பெரில் அடித்தாள்.  திரை ஒருமுறை இமைத்து, வேகத்தைக் காட்டிவிட்டு அடுத்த பெயரைக் கேட்டது. ஹெஸ்லப் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவரும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

ஐம்பது நிமிஷத்தில் நூற்றுப்பதினேழும் முடிந்தன. பெரில் ஒரு விசையைத் தட்டினாள். பெட்டி வரிசைப்படுத்த ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டது. அந்த ஒரு நிமிஷம் அறையில் யாரும் குவளையைக்கூடக் கீழே வைக்கவில்லை. பிறகு பட்டியல் வந்தது.

முதலிடம், ஸ்டாபர்ட், 1400.26. இரண்டாமிடம், பாலிஸ்டர், 1399.62.

 நார்மன் சுவரில் சாய்ந்து நின்றவன் தொப்பியைக் கழற்றினான். ஆல்வின்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"அடேங்கப்பா. பொண்டாட்டி தட்டறா, புருஷன் ஜெயிக்கிறான். நான் உனக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல முந்தி வந்திருக்கேன், நார்மன். என் கூடு உன் கூட்ட விட அரை மைல் கிட்ட, அவ்வளவுதான். அத வெச்சு இத்தன தூரம் எறக்க முடியாது."

"நான் ஒண்ணும் சொல்லலியே," என்றான் நார்மன்.

"நீ எதுக்குச் சொல்லணும்? அதான் பெட்டி சொல்லுதே. அந்தப் பெட்டிக்கு உள்ள என்ன எழுதியிருக்குன்னு இங்க யாருக்குத் தெரியும்?"

பெரிலுக்கு முகம் சூடாயிற்று. ஆனால் குரல் உயரவில்லை. ஆஸ்பத்திரி போர்டில் கத்துகிற டாக்டர்களிடம் பேசிய அதே குரல். "வேணும்னா காட்டறேன். மொத்தம் அறுபத்தெட்டு வரி. மூவாயிரமாவது வரியப் பாருங்க. உன் கடிகாரத்தத் திருத்தினது அங்கதான். அது நார்மனோடதுக்கும் அதே வரி, மிஸ்டர் ஹெஸ்லப்போடதுக்கும் அதே வரி. ஆளுக்கொரு வரி நான் எழுதல. எல்லாரும் அதே எடத்துக்குப் போய்த்தான் திரும்பி வரணும்."

"என் கடிகாரத்துக்கு என்ன கேடு? சுவிஸ் கடிகாரம் அது."

"அறுபத்தாறு வினாடி மெதுவு," என்றாள் தெல்மா, சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு. "நாந்தான் படிச்சேன், ஆல்வின். என் வாயால. நீயும் பின்னாலதான் நின்னே. பீர் குடிச்சிட்டு."

யாரோ அடக்க முடியாமல் செருமினார்கள். ஆல்வின் ஹெஸ்லப்பிடம் திரும்பினான். "நீங்க சொல்லுங்க. உங்க பென்சில் என்ன சொல்லுதோ அத நான் ஒத்துக்கறேன்."

ஹெஸ்லப் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு மணி பத்து நிமிஷம். இரண்டு பேருடைய சீட்டையும் வாங்கினார். புதுத் தாள் எடுத்தார்.  நார்மனின் கடிகாரம் தலைமைக் கடிகாரத்தோடு வினாடி பிசகாமல் இருந்ததால் அவன் கணக்கு சீக்கிரம் முடிந்தது. ஆல்வினுடையதை நிதானமாகப் போட்டார். இருபத்திரண்டு மணி நேரத்தில் அறுபத்தாறு வினாடி. புறா வந்த நேரத்துக்கு அதில் ஐம்பத்தெட்டு வினாடி. அதைக் கூட்டினார். வகுத்தார். ஒருமுறை அடித்துவிட்டு மறுபடி வகுத்தார்.

பெரில் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் நிரல்மேல் அவளுக்குச் சந்தேகமில்லை.  அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஸ்டாபர்ட், ஆயிரத்து நானூறு புள்ளி ரெண்டு ஆறு," என்றார். "பாலிஸ்டர், ஆயிரத்து முந்நூத்தித் தொண்ணூத்தொன்பது புள்ளி ஆறு ரெண்டு."

முதலில் யாரோ ஒருவர் மேஜையைத் தட்டினார். அப்புறம் எல்லாரும் தட்டினார்கள். குவளைகள் குதித்தன. நார்மன் வந்து பெரிலின் தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.  ஆல்வின் சிவந்த முகத்தோடு தாளை எடுத்து மேலிருந்து கீழ் வரை படித்தான். நல்ல புறாக்காரன் அவன். கணக்கும் தெரிந்தவன். தாளை மேஜையில் வைத்துவிட்டு நார்மனிடம் கையை நீட்டினான். பிறகு பெரிலிடமும் நீட்டினான்.

"மன்னிச்சுக்க, பெரில். அந்தப் பெட்டிய நான் சொன்னது தப்பு."

"பெட்டிக்குக் காது கேக்காது," என்றாள் பெரில். "என்னத்தான் சொன்னே."

"உன்னச் சொன்னதும் தப்புதான்," என்றான் ஆல்வின். அவன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையைக் கேட்டு தெல்மாவே திரும்பிப் பார்த்தாள்.

ஹெஸ்லப் இடது கையால் கூட்டமைப்பின் எண்ணைச் சுழற்றினார். ரிசீவரைத் தன் காதில் வைக்காமல் பெரிலின் கையில் கொடுத்தார். "நீங்களே சொல்லுங்க. போட்டது நீங்கதானே."

ஆறு மணி இருபத்தாறு நிமிஷம். மறுமுனையில் இருந்தவர் ராவன்சைட் என்றதும், "முடிஞ்சுதா? அதுக்குள்ளயா?" என்று கேட்டார். பதினாலு சங்கத்தில் முதலாவதாக வந்தது அவர்களுடைய முடிவுதான். பெரில் நூற்றுப்பதினேழு பெயரையும், பழைய ஆஸ்பத்திரிக் குரலில், ஒரு எழுத்தும் சிக்காமல் படித்தாள். ஏழு மணிக்குள் இரண்டு சங்கங்களால் முடிக்க முடியவில்லை. நார்மனின் சாம்பல் நீலப் பெட்டை கூட்டமைப்பில் இரண்டாயிரத்துச் சொச்சம் புறாக்களில் மூன்றாவது. ஆல்வினுடைய சேவல் ஐந்தாவது. ராவன்சைட்டுக்கு அதற்கு முன்னால் முதல் பத்தில் ஒரு புறாகூட வந்ததில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் கணக்குச் செயலாளர் என்று புதிதாக ஒரு பதவியை ஏற்படுத்தலாம் என்று ஹெஸ்லப் முன்மொழிந்தார். ஆல்வின் வழிமொழிந்தான். விதிப் புத்தகத்தில் உறுப்பினர் என்ற இடத்திலெல்லாம் 'அவன்' என்றே இருக்கிறதே என்று ஒருவர் இழுத்தார். "அப்ப புத்தகத்தத் திருத்துவோம்," என்றார் ஹெஸ்லப். "ஒரே எடத்துல 'அவன்'னா 'அவள்'னும் பொருள்னு எழுதிட்டா எல்லா எடத்துக்கும் அது செல்லும். எனக்கு மிஸஸ் ஸ்டாபர்ட் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க." எல்லாக் கையும் உயர்ந்தது.

ஆகஸ்டில் கூட்டமைப்பின் தலைவர் காரில் வந்து இறங்கினார். அந்த வருஷத்தின் கடைசிப் பந்தயத்துக் கணக்கைப் பதினாலு சங்கத்துக்கும் ஒரே இடத்தில் வைத்துப் போட முடியுமா என்று கேட்டார். பெரில் இரண்டு நிபந்தனை விதித்தாள். நல்ல பெரிய டெலிவிஷன் ஒன்று வேண்டும். சீட்டுப் படிக்க தெல்மா பாலிஸ்டர்தான் வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை காற்று எதிர்த்தடித்தது. வீடு வந்தது எழுநூற்றெண்பத்தாறு புறாதான். இரண்டு பெண்களும் மத்தியானம் இரண்டு மணிக்கு உட்கார்ந்து, ஒவ்வொரு சங்கத்திலிருந்தும் சீட்டுகள் வரவரப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். சுற்றிலும் பதினாலு ஊர்ப் புறாக்காரர்கள் சர்ச்சில் நிற்பது போல் நின்றார்கள். பெட்டி மூவாயிரமாவது வரிக்கு எழுநூற்றெண்பத்தாறு முறை போய், எழுநூற்றெண்பத்தாறு முறையும் ஒழுங்காகத் திரும்பியது. நடுவில் ஒரு ஊர்க்காரர், "இது நிக்காதா?" என்று ஹெஸ்லப்பிடம் மெதுவாகக் கேட்டார்.

"நின்னா ஏன்னு கண்டுபிடிக்க ஆள் இருக்கு," என்றார் ஹெஸ்லப்.

நிற்கவில்லை. எட்டு மணிக்கு முடிவைச் சுவரில் ஒட்டிவிட்டு, பெரிலும் தெல்மாவும் கையைக் கோத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. கணவன்மார் வண்டியில் டெலிவிஷனை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்காகக் காத்திருக்காமல் இருவரும் கடற்கரைக்குப் போகிற பஸ்ஸில் ஏறி, ஆளுக்கொரு பொட்டலம் மீனும் சிப்ஸும் வாங்கி, காற்றில் தலைமுடி பறக்க, கடலைப் பார்த்து உட்கார்ந்து தின்றார்கள்.